அன்பளிப்பாக வந்த மாத்திரைகள்

துணிக்கடை சம்சுதீனுக்கு ஒண்ணுக்கு நின்றுபோன செய்தி, அவரை ஏற்றிக்கொண்டு போன சிக்லோ ரிக்‌ஷா ஆஸ்பத்திரி வாசலைத் தொடும் முன்பே, பென்தான் சந்தையைச் சுற்றியிருந்த தமிழர்கள் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. அறுபத்தாறாம் வருஷத்துச் சைகோனில் தமிழர் கூட்டம் சின்னது. காரைக்கால் முஸ்லிம்கள், புதுச்சேரிக் கிறிஸ்தவர்கள், மாரியம்மன் கோவில் பக்கத்து இந்துக்கள் என்று வாசல்கள் வேறாக இருந்தாலும், ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் அடுத்த வீட்டில் தும்மல் கேட்கும். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு மனுஷன் நிம்மதியாக நோயில் படுக்கக்கூட முடியாது.

நோய் ஒன்றும் அதிசயமானதல்ல. சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி வீங்கி வழியை அடைத்துக்கொண்டது. ஐம்பது தாண்டிய ஆண்கள் பலருக்கு வருவதுதான். வியட்நாமிய அறுவை டாக்டர் ஒரு ரப்பர் குழாயைச் செருகி, அதன் மறுமுனையைக் கட்டிலுக்கடியில் ஒரு கண்ணாடி ஜாடியில் விட்டார். அடைப்பை அறுத்தெடுத்தால் சரியாகிவிடும், ஆனால் காய்ச்சல் இருக்கும்வரை கத்தி வைக்க முடியாது என்றார். குழாய் வழியே கிருமி ஏறிக் காய்ச்சல் வந்திருந்தது. அதற்கு ஒரு மருந்து எழுதிக் கொடுத்தார். அந்த ஒரு மருந்தோடு விஷயம் நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை.

அப்போதெல்லாம் சைகோனில் நல்ல அரிசி கிடைக்காத நாள் உண்டு. மருந்து கிடைக்காத நாள் கிடையாது. அமெரிக்கப் பட்டாளத்துக்கென்று வந்து இறங்கியது, பிரான்சிலிருந்து வந்தது, எங்கிருந்து வந்தது என்றே தெரியாதது எல்லாவற்றையும் நடைபாதையில் சாக்கு விரித்து, சோப்புக்கும் சீப்புக்கும் நடுவே வைத்து விற்பார்கள். டாக்டர் சீட்டு எங்கே என்று யாரும் கேட்கமாட்டார்கள். ஆகவே, நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் ஆரஞ்சுப் பழம் வாங்கிப் போவது மெல்லக் குறைந்து, மாத்திரை வாங்கிப் போகும் வழக்கம் நம்மவர்களிடம் வந்து ஒட்டிக்கொண்டது. பழம் அழுகும், மாத்திரை அழுகாது. விலையும் ஜாஸ்தி, மரியாதையும் ஜாஸ்தி.

முதலில் வந்தவர் அபுல் ஹசன். ஒரு காலத்தில் நாணயம் மாற்றும் தொழில் செய்தவர், சம்சுதீனுக்கு வாலிபக் காலத்துச் சிநேகிதர். கான் ஹொய் துறைமுகத்தில் அவருக்குத் தெரியாத ஆள் இல்லை.

“மாப்புள, இது அமெரிக்காக்காரன் சரக்கு. மூடி கூட ஒடைக்கலே. முழுங்கிப் பாரு, கிருமியெல்லாம் கப்பலேறிப் போயிடும்” என்று ஒரு டப்பாவைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தார்.

அன்று மாலையே சுங்க அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்ற, பிரெஞ்சு மரியாதையில் எல்லோரும் முசியே என்று கூப்பிடும் இக்னாஸ், தொப்பியைக் கையில் பிடித்தபடி வந்தார். அமெரிக்க டப்பாவைப் பார்த்ததும் அவருடைய மீசை துடித்தது. “பாய், இதெல்லாம் சுண்ணாம்பு. பிரான்ஸ் மருந்துக்கு ஈடாகுமா?” என்று தம் கோட்டுப் பையிலிருந்து ஒரு மஞ்சள் அட்டைப்பெட்டியை எடுத்தார். மறுநாள், சந்தையில் மசாலாப்பொடிக் கடை வைத்திருக்கும் தனக்கொடி, சோலோன் பக்கத்துச் சீனர் கடையில் நீர்க்கடுப்புக்கு இதுதான் கண்கண்ட மருந்து என்று சொல்லி வாங்கிய சிவப்புக் குளிகைகளை, முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாள். பிறகு வந்தவர்களை ஒவ்வொருவராகச் சொல்லி முடியாது. யாரும் வெறுங்கையோடு வரவில்லை என்பது மட்டும் போதும்.

இத்தனையையும் வாங்கி வாங்கி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தவள் சம்சுதீனின் மனைவி நபீசா. நபீசாவிடம் இரண்டு குணங்கள் உண்டு. ஒருவர் அன்பாகக் கொடுத்ததை ஒதுக்கி வைக்க அவளுக்கு மனம் வராது. பொய்யும் வராது, வாய் துணிந்தாலும் முகம் காட்டிக் கொடுத்துவிடும். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் நல்ல குணங்கள்தாம். அவை இரண்டும் சேர்ந்து அவள் புருஷனைக் கபருஸ்தானுக்கு அனுப்பப் பார்த்தன.

ஏனென்றால் மருந்து கொடுத்தவர்கள் கொடுத்ததோடு விடவில்லை. மறுமுறை வந்ததும் முதல் கேள்வி, “நம்ம மருந்து சேந்துச்சா?” என்பதுதான். இல்லை என்றால் அவர்கள் முகம் வாடிவிடும். ஆமாம் என்றால் அது பொய்யாகிவிடும். நபீசா யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். காலைக் கஞ்சியோடு, அண்ணன் முறைக்கு அவள் நானா என்று கூப்பிடும் அபுல் ஹசனின் மாத்திரை ஒன்று. மதியம் இக்னாஸ் முசியேயினுடையது. பொழுது சாயத் தனக்கொடியினுடையது. இடையிடையே மற்றவர்கள் கொடுத்ததில் முறை வைத்து ஒவ்வொன்று. இது போக ஆஸ்பத்திரி கொடுத்தது. நர்ஸுகள் அந்தப் பக்கம் போனதும் முக்காட்டுக்குள்ளிருந்து டின்னை எடுப்பாள். யார் வந்து கேட்டாலும், “எடுத்துக்கிட்டாஹ நானா, அல்லாஹ் உங்களுக்கு நல்லது செய்வான்” என்று கண்ணைப் பார்த்துச் சொல்லலாம். சொல்லும்போது அவளுக்கு உண்மையாகவே நெஞ்சு நிறைந்துவிடும். கடல் தாண்டி வந்த ஊரில், குண்டுச் சத்தம் கேட்கும் காலத்தில், தன் புருஷனுக்காக இத்தனை பேர் மெனக்கெடுகிறார்களே என்று.

சம்சுதீனும் மறுக்கவில்லை. கடைக்கு வந்த வாடிக்கையாளரிடம்கூட இல்லை என்று சொல்லிப் பழகாத மனுஷர் அவர்.

முதலில் காய்ச்சல் இறங்கியது. கொடுத்தவர்கள் ஒவ்வொருவரும் தம் மருந்துதான் வேலை செய்தது என்று மீசையை முறுக்கிக்கொண்டார்கள். மீசை இல்லாத தனக்கொடி மூக்குத்தியைத் திருகிக்கொண்டாள். அறுவைக்கு நாள் பார்ப்பதற்குள் காய்ச்சல் திரும்பி வந்தது. கூடவே எரிச்சலும் வந்தது. ஜாடியில் இறங்கிய நீர் கலங்கி, தயிர்த் திப்பி போல வெள்ளை வெள்ளையாக மிதந்தது. குழாய் அடைத்துக்கொண்டது. சர்க்கரை வியாதி வேறு பழைய சிநேகிதன் போலக் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தது. அறுவை டாக்டர் மருந்தை மாற்றினார், அளவைக் கூட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் நபீசாவை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, வியட்நாமிய மொழியில் நிதானமாகச் சொன்னார். கிருமி மேலே ஏறிச் சிறுநீரகத்தைப் பிடிக்கிறது. இது அடங்காவிட்டால் அறுவைக்கு வழியில்லை. அறுவை இல்லாவிட்டால் அதிக நாள் தாங்கமாட்டார்.

நபீசா திரும்பி வந்து கட்டிலருகே உட்கார்ந்தாள். சம்சுதீன் கண்ணை மூடியபடி, “டாக்டரு என்னா சொன்னாஹ?” என்றார். அவளுக்குத்தான் பொய் வராதே. “அல்லாஹ்கிட்ட துஆ செய்யுங்கோ” என்றாள். அதுவே அவருக்குப் பதிலாகிவிட்டது.

மறுநாள் காலை நபீசாவை ஆய்வுக்கூடத்துக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. அங்கே கிருமி பார்க்கும் டாக்டர் பொலேத் இருந்தார். காரைக்கால் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். சைகோனிலேயே பிறந்து, பிரெஞ்சில் படித்து டாக்டரானவர். நோயாளியைத் தொட்டுப் பார்ப்பது அவர் வேலை இல்லை. சிறுநீரையும் சளியையும் தட்டில் பரப்பி வளர்த்து, உள்ளே குடியிருப்பது எது என்று கண்டு சொல்வதே வேலை.

“உக்காருங்க அக்கா” என்றார் பொலேத். “முதல் தடவை இதைப் பார்த்தப்போ பாட்டில்ல ஒட்டியிருந்த அழுக்குன்னு நெனச்சு ஒதுக்கிட்டேன். ரெண்டாவது தடவையும் வந்துச்சு. நேத்து நர்ஸை வச்சு, சுத்தமான ஊசியால குழாய்லேர்ந்து நேரா எடுக்கச் சொன்னேன். திரும்பவும் அதே. அழுக்குன்னா இப்படி விடாம வராது.”

“என்னா வந்துச்சு டாக்டரம்மா?”

“பூஞ்சை. ஊறுகாய் மேல வெள்ளையா ஆடை கட்டுமே, அதோட சொந்தக்காரன்னு வச்சுக்கங்க. வந்து பாருங்க.”

நபீசா முக்காட்டை ஒதுக்கிவிட்டு, மேசையிலிருந்த நுண்ணோக்கிக் கருவியின் மேல் குனிந்தாள். முதலில் தன் கண்ணிமை மயிரைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. பொலேத் எதையோ திருக, திடீரென்று வெளிச்சத்தில் ஊதா நிறத்தில் முட்டை முட்டையாகத் தெரிந்தது. சில முட்டைகள் குட்டி போட்டுக்கொண்டிருந்தன. சில நீண்டு நூலாகியிருந்தன. அந்த நூல்கள் மேல் சின்னச் சின்னச் சிவப்புக் குச்சிகள் வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தன.

“ஊதா பூஞ்சை. சிவப்பு பாக்டீரியா. இது ரெண்டும் நம்ம எல்லார் உடம்புலயும் எங்கேயாவது இருக்கும். ஒண்ணை ஒண்ணு அடக்கி வச்சிருக்கும், அதனால நமக்குத் தெரியாது. நீங்க குடுக்கிற மருந்து பாக்டீரியாவை மட்டும்தான் கொல்லும். பூஞ்சைக்கு அது ஒண்ணுமே பண்ணாது. அடக்கி வச்சவன் செத்துட்டான், இடம் காலி, சாப்பிடச் சர்க்கரை இருக்கு, புடிச்சு ஏற ரப்பர் குழாய் இருக்கு. பூஞ்சைக்கு இதைவிட என்ன வேணும்?”

“அப்போ இந்தச் செவப்பு ஏன் இன்னும் சாகாம இருக்கு?”

பொலேத் அவளை ஒரு கணம் பார்த்தார். “நல்ல கேள்வி. சிலது மருந்துக்குப் பழகிப்போன முரட்டுக் கிருமி. அது பூஞ்சை நூலைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு, குழாய்க்குள்ள கோழைமாதிரி ஒண்ணு படிஞ்சிருக்கே, அதுக்குள்ள ஒளிஞ்சிருக்கு. தனியா இருந்தா செத்திருக்கும்னு நினைக்கிறேன். சேர்ந்து இருக்கிறதால ஒண்ணுக்கு ஒண்ணு குடை புடிக்குது. இது ஏன், எப்படீன்னு எனக்கு முழுசாத் தெரியாது அக்கா. கண்ணால பார்த்ததைச் சொல்றேன்.” பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். “ஆனா ஒண்ணு எனக்குப் புரியலே. சீட்டுல எழுதின மருந்து மட்டும்னா இவ்வளவு அதிகமா வளராது. வேற ஏதாவது குடுக்கிறீங்களா?”

நபீசா எழுந்து வார்டுக்குப் போனாள். பிஸ்கட் டின்னை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பி வந்து மேசைமேல் வைத்தாள்.

பொலேத் மூடியைத் திறந்தார். முதலில் சிரித்துவிட்டார். ஒரு சின்ன மருந்துக்கடையே அதற்குள் இருந்தது. ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கப் பார்க்கச் சிரிப்பு அடங்கிவிட்டது. “இத்தனையுமா?” என்றார்.

“எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம். குடுத்தவஹ கேப்பாஹளே.”

“எந்தக் கிருமியையும் முழுசாக் கொல்லாம, எல்லாத்தையும் சீண்டி விட்டிருக்கீங்க. முரட்டுக் கிருமி மட்டும் மிஞ்சிடுச்சு. பூஞ்சைக்கு ராஜ்யம்.”

நபீசா மேசையைப் பிடித்துக்கொண்டாள். “நானே என் கையால அவஹளுக்கு...” என்று தொடங்கியவள் குலுங்கி அழுதாள்.

பொலேத் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார். “அழாதீங்க அக்கா. விஷம் வைக்க வந்தவங்களா இவங்க? நான் படுத்தா இப்படி ஒரு டின் நிறையுமான்னு நினைச்சுப் பார்த்தேன், நிறையாது. இப்போ செய்யவேண்டியதைக் கேளுங்க. மாத்திரை எல்லாத்தையும் நிறுத்தணும். எங்க ஆஸ்பத்திரி மாத்திரையையும் சேர்த்துத்தான். அறுவை டாக்டர்கிட்ட பேசிட்டேன். பழைய குழாயை எடுத்துப் போட்டுட்டுப் புதுசு. சர்க்கரைக்கு ஊசி. நிறையத் தண்ணி. பூஞ்சைக்கு ஒரு புது மருந்து இருக்கு. அதை ரத்தத்துல ஏத்தினா சிறுநீரகத்தைப் பாதிக்கும், ஆனா தண்ணியில கலந்து குழாய் வழியா உள்ளே விட்டுக் கழுவலாம். அமெரிக்க ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்துல எனக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர்கிட்ட கேட்டிருக்கேன். பூஞ்சை போனா, கிருமிக்கு ஒளிய இடம் இருக்காது. அப்புறம் அதுக்குச் சரியான மருந்து எதுன்னு நானே பார்த்துச் சொல்றேன். அதுவரைக்கும் ஒரு மாத்திரைகூட உள்ளே போகக்கூடாது. ஒண்ணே ஒண்ணு போனாலும் திரும்ப முதல்லேர்ந்துதான்.”

டின் பொலேத்தின் அலமாரிக்குள் போய்விட்டது. நபீசா வார்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னாள். முழுவதும் கேட்ட சம்சுதீன், தன் உயிரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. “அப்போ அபுல் ஹசன் வந்து கேட்டா என்னா சொல்றது?” என்றார். அவளுக்கு அடிக்கலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது.

அபுல் ஹசன் அன்று மாலையே வந்தார். சட்டை முதுகு வியர்வையில் ஒட்டியிருந்தது. துறைமுகத்தில் காலையிலிருந்து அலைந்து வாங்கியதாம். உள்ளங்கையைத் திறந்து, முன்பு கொடுத்ததைவிடப் பெரிய மாத்திரைகள் கொண்ட ஒரு குப்பியை நீட்டினார்.

“வாணாம் நானா” என்றாள் நபீசா.

அபுல் ஹசன் தம் காதில் சரியாக விழவில்லையோ என்று நினைத்தார். “என்னா புள்ளே?”

“இனிமே எந்த மருந்தும் குடுக்கக்கூடாதுண்டு டாக்டரம்மா சொல்லிட்டாஹ. நாம குடுத்ததுனாலதான் இவ்வளவும். உங்களோடது மட்டுமில்லே நானா, எல்லாரோடதும்.”

“என் மருந்து வெஷமா?” அபுல் ஹசன் குரல் வார்டு முழுவதும் கேட்டது. “இவனுக்கு நான் வெஷம் வப்பேனா? யாரு சொன்னது?”

“கிருமி பாக்கிற டாக்டரம்மா.”

குப்பியைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு, சம்சுதீனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார். நபீசா தலையைக் குனிந்துகொண்டாள். இத்தனை வருஷத்தில் அவரை அவள் எதிர்த்துப் பேசியதே இல்லை.

அவர் நேராகப் போனது ஆய்வுக்கூடத்துக்கு. சண்டை போடத்தான் போனார். பொலேத் அவரையும் அந்தக் கருவியின் முன்னால் குனிய வைத்தார். என்ன பேசினார்கள் என்று யாருக்கும் தெரியாது. மறுநாள் காலை நபீசா கஞ்சிக் கிண்ணத்தோடு வந்தபோது, வார்டு வாசலில் ஒரு முக்காலி போட்டு அபுல் ஹசன் உட்கார்ந்திருந்தார். கண்கள் சிவந்திருந்தன.

“பாத்துட்டேன் புள்ளே” என்றார். “நூலு நூலா, ஊதா ஊதாவா. நாந்தான் அதுக்குத் தீனி போட்டிருக்கேன். அல்லாஹ் என்னெ மன்னிக்கணும், நீயும் மன்னிக்கணும்.”

“என்னா நானா இது, நீங்க அன்பா குடுத்தீங்க, நான் புத்தியில்லாம ஊட்டுனேன். யாரு யாரெ மன்னிக்கிறது?”

“அதெல்லாம் இருக்கட்டும். இனிமே இந்த வாசலைத் தாண்டி ஒரு மாத்திரை உள்ளே போவாது. போனா என் பேரு அபுல் ஹசன் இல்லே.”

அதற்குப் பிறகு சம்சுதீனைப் பார்க்க வந்தவர்களின் பாடு திண்டாட்டமாகிவிட்டது. திருடன் சுங்கத்தில் உத்தியோகம் பார்த்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது அபுல் ஹசனின் சோதனை. எந்தப் பையில் எதை ஒளிப்பார்கள் என்று அவருக்குத் தெரியாதா? இக்னாஸின் தொப்பியைக் கழற்றச் சொன்னார். உள்ளே மஞ்சள் பெட்டி இருந்தது.

“மோன் தியே, கடவுளே! நீ கொண்டு வந்த சுண்ணாம்பு உள்ளே போச்சு, என்னோட பிரான்ஸ் மருந்து போகக்கூடாதா?”

“என் சுண்ணாம்பும் வெளியே வந்திடுச்சு முசியே. சந்தேகம்னா அந்த ரூமுக்குப் போயி கண்ணாடியில பாருங்க.”

இக்னாஸும் போய்ப் பார்த்தார். தனக்கொடியும் பார்த்தாள். அதன்பின் பொலேத்தின் அறைக்குப் போய் ஊதா முட்டைகளைப் பார்த்துவிட்டு வருவது நம்மவர்களுக்குக் கோவிலுக்குப் போய் வருவதுபோல் ஆகிவிட்டது. பொலேத்தும் சலித்துக்கொள்ளாமல் காட்டினார். மாத்திரை கொண்டு வந்த கைகளுக்கு இப்போது வேறு வேலை கிடைத்தது. தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்றார்களே! தனக்கொடி சர்க்கரை போடாத பார்லித் தண்ணீரைக் காய்ச்சித் தூக்குவாளியில் கொண்டு வந்தாள். இக்னாஸ் கொதித்து ஆறிய தண்ணீரை ஒயின் புட்டியில் அடைத்துக் கொண்டு வந்து, ஒவ்வொரு முறையும், “தண்ணிதான் பாய், பயப்படாதீங்க” என்று விளக்கம் சொன்னார்.

இதற்குள் குழாயை மாற்றியிருந்தார்கள். கழுவும் மருந்துதான் வந்தபாடில்லை. மருந்து எதுவுமில்லாத அந்த இடைவெளியில் ஒரு நாள் நடுப்பகலில் சம்சுதீனுக்குக் குளிர் கண்டது. பல் கிட்டி, கட்டில் ஆடியது. நபீசா இரண்டு போர்வை போர்த்தினாள். நடுக்கம் நின்றதும் உடம்பு அடுப்புக்கல்லாய்ச் சுட்டது. அவர் யாரையோ பார்த்துக் கடைக்கணக்குப் பேசத் தொடங்கினார். நர்ஸ் வந்து பார்த்தாள், அறுவை டாக்டருக்குச் சொல்லியனுப்பினாள். அவர் அறுவை அறைக்குள் இருந்தார்.

அபுல் ஹசன் முக்காலியை விட்டு எழுந்து உள்ளே வந்தார். நண்பனின் முகத்தைப் பார்த்தவர் அப்படியே நின்றார். பிறகு கை மெல்லச் சட்டைப்பைக்குப் போனது. அன்றைக்கு அவள் வாங்க மறுத்த குப்பி அங்கேயே இருந்தது.

“புள்ளே” என்றார், குரல் உடைந்து. “ஒண்ணே ஒண்ணு குடுத்துப் பாப்போமா? டாக்டரம்மாவும் மனுஷிதானே. தப்பா இருந்தா? மருந்தில்லாம சாவ விட்டோம்னு ஆயிடக்கூடாதே.”

நபீசா அந்தக் குப்பியைப் பார்த்தாள். அவளுக்கும் அதே பயம்தான். கையை நீட்டினால் போதும். ஏதாவது செய்தோம் என்ற நிம்மதியாவது மிஞ்சும். சும்மா உட்கார்ந்திருப்பதைப்போல் கொடுமை வேறு இல்லை என்று அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. ஆனால் அந்த வெளிச்ச வட்டத்துக்குள் சிவப்புக் குச்சிகள் ஊதா நூலைக் கட்டிப்பிடித்திருந்த காட்சி அவள் கண்ணை விட்டுப் போகவில்லை.

“நானா, இது நம்ம பயத்துக்கு மருந்து. அவஹளுக்கு இல்லே” என்றாள். “ஈரத்துணி நனைச்சுக் குடுங்க.”

அபுல் ஹசன் குப்பியை ஜன்னலுக்கு வெளியே வீசிவிட்டு, குவளையை எடுத்துக்கொண்டு குழாயடிக்கு ஓடினார். இருவரும் மாறி மாறி நெற்றியிலும் அக்குளிலும் ஈரத்துணி போட்டார்கள். அறுவை அறையிலிருந்து டாக்டர் வந்து நாடி பார்த்து, ஈரத்துணியை விடவேண்டாம் என்றார். வெயில் சாய்ந்த நேரத்தில் பொலேத் வெள்ளைக் கோட்டோடு ஓட்டமும் நடையுமாக வந்தார். கையில் பஞ்சில் சுற்றிய சின்னச் சின்ன குப்பிகள் இருந்தன. அமெரிக்க ஆஸ்பத்திரிக்காரர் அனுப்பியிருந்தார். நபீசா அந்தப் பெண்ணின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அன்றைக்கே கழுவ ஆரம்பித்தார்கள். முதலில் வெளியே வந்த நீரில் வெள்ளைத் திப்பிகள் கொத்துக் கொத்தாக வந்தன. அடுத்தடுத்த நாட்களில் அது குறைந்துகொண்டே வந்து, ஒரு காலையில் ஜாடியின் அடியிலிருந்த கீறல்கூடத் தெரிந்தது. பொலேத் தம் தட்டில் பார்த்துவிட்டு, ஊதா போய்விட்டது, சிவப்பு மட்டும் தனியாக மாட்டிக்கொண்டு நிற்கிறது என்றார். அதற்கு எது சரியான மருந்து என்று பார்த்து, அந்த ஒன்றை மட்டும், முழு அளவில் கொடுத்தார்கள். காய்ச்சல் இறங்கி, இறங்கிய இடத்திலேயே நின்றது. அறுவை டாக்டர் சம்சுதீனின் தோளைத் தட்டி, நாள் குறித்தார்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. புண் ஆறிய பிறகு, ஒரு காலையில் குழாயை எடுத்தார்கள். இன்று தானாகச் சிறுநீர் போனால் வீட்டுக்குப் போகலாம், போகாவிட்டால் மறுபடியும் குழாய் என்று சொல்லிவிட்டு டாக்டர் போனார். மறுபடியும் குழாய் என்றால் என்னவென்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

காலை போயிற்று. மதியம் போயிற்று. சம்சுதீன் பார்லித் தண்ணீரைக் குடித்துக் குடித்து ஓய்ந்தார். பார்வையாளர் நேரம் வந்ததும் அபுல் ஹசன், இக்னாஸ், தனக்கொடி மூவரும் வராந்தாவில் கூடிவிட்டார்கள். ஆய்வுக்கூடத்தைப் பூட்டிவிட்டுப் பொலேத்தும் வந்து நின்றார். கட்டிலைச் சுற்றித் துணி மறைப்பு இருந்தது. உள்ளே சம்சுதீன் எனாமல் பாத்திரத்தோடு நின்றார். மறைப்பைப் பிடித்தபடி நபீசா நின்றாள்.

“இத்தனை பேரும் காதெத் தீட்டிக்கிட்டு நிண்டா எப்படிப் போவும்?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

“ஒன்னெ யாரு மாப்புள கேட்டா? நாங்க மீன் வெலை பேசிக்கிட்டிருக்கோம்” என்றார் அபுல் ஹசன். உடனே மூவரும் சத்தமாக மீன் விலை பேசத் தொடங்கினார்கள். கெளுத்தி விலை என்ன, இறால் விலை என்ன, போர் வந்ததும் எல்லாம் ஏறிவிட்டதே என்று. மீனே தொடாத தனக்கொடி விரால் மீனைப் பற்றி விலாவாரியாகப் பேசினாள்.

பேச்சுக்கு நடுவே, எனாமல் பாத்திரத்தில் ஒரு துளி விழுந்த சத்தம் கேட்டது.

மீன் விலை நின்றுபோயிற்று. இன்னொரு துளி விழுந்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு மெல்லிதாக, விட்டு விட்டு, பிறகு விடாமல், பாத்திரத்தில் நீர் விழும் சத்தம் அந்த வராந்தா முழுவதும் கேட்டது. யாரும் சிரிக்கவில்லை. இக்னாஸ் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் சிலுவைக் குறி போட்டார். தனக்கொடி கன்னத்தில் போட்டுக்கொண்டு, “மாரியாத்தா” என்றாள். அபுல் ஹசன் சுவரில் சாய்ந்து, தோள் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். ஆயிரம் ஜாடி சிறுநீரைப் பார்த்திருந்த பொலேத் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

கழிவறையை விட்டு வெளியே வந்ததும் சொல்ல வேண்டிய துஆ ஒன்று உண்டு. துன்பத்தை என்னை விட்டு நீக்கி எனக்குச் சுகம் தந்தவனுக்கே புகழ் என்று பொருள். பேசப் பழகிய நாளிலிருந்து நபீசா அதைத் தினமும் சொல்லிவந்தவள். கால் கழுவிய ஈரம் காயுமுன் வாய் தானாகச் சொல்லி முடித்துவிடும். மனம் அப்போது உலையில் இருக்கும், அல்லது உலர்த்திய துணியில் இருக்கும். இன்று வாய் தானாக ஓடவில்லை. மறைப்புத் துணியை இறுகப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக, புருஷனுக்காகவும் வெளியே நின்றவர்களுக்காகவும் சேர்த்துச் சொன்னாள். அவள் சொல்லி முடித்தபோதும் உள்ளே அந்தச் சத்தம் நிற்கவில்லை.

“இன்னும் வருது நபீசா” என்றார் சம்சுதீன், அழுதுகொண்டே. “இன்னும் வருது.”